புழு மனைக்குள் எடுத்த படம்

பிப்ரவரி 8, பாலக்கோடு பக்கம்

பட்டுப்புழு வளர்க்கும் அக்காவைப் படம் எடுக்கப் போனேன். திண்ணையில் நாற்காலி போட்டு, பட்டுச் சேலையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மரியாதைக்கு நாலு படம் எடுத்தேன். முகம் இருந்தது, ஆளைக் காணோம்.

"புழு மனைக்குள்ள எடுக்கலாமாக்கா?"

"சேலைய மாத்திட்டு வரேன். நீ செருப்பக் கழட்டிட்டு, கால நனைச்சிட்டு உள்ள போ தம்பி."

வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். புழுவுக்கு நோய் வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கறார்.

உள்ளே வெளிச்சம் அருமை. ஊஜி ஈ புகுந்து புழு மேல் முட்டையிடாமல் இருக்க ஜன்னல் முழுக்க நைலான் வலை. காலை வெயில் அதில் வடிந்து மெத்தென்று விழுகிறது. ஃபிளாஷை வெளியே எடுக்கவே இல்லை.

புழுக்கள் ஐந்தாம் பருவத்தில் இருந்தன. ஆயுசுக்கும் தின்னும் இலையில் பெரும்பங்கை இந்த ஒரு வாரத்தில்தான் தின்று தீர்க்கும். அக்காவுக்கு என்னைப் பார்க்க ஏது நேரம்? அடுக்கடுக்காக மல்பெரிக் கிளைகளைப் பரப்பிக்கொண்டே போனார். ஒரு புழு தரையில் விழுந்தது. விரலால் தூக்காமல், ஒரு இலையை அதன் முன்னால் நீட்டி, அது ஏறும்வரை குனிந்தபடியே இருந்தார். அதைத்தான் எடுத்தேன்.

பிப்ரவரி 9

35 எம்எம் லென்ஸ், துவாரம் எஃப் 5.6. பின்னால் இருப்பதும் ஓரளவு தெளிவாகத் தெரியும். பின்னணியை மங்கடித்தால்தான் போர்ட்ரெய்ட் என்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. அந்த அடுக்கும் வலையும் தெரியாவிட்டால் அவர் ஏன் குனிந்தார் என்பது யாருக்குப் புரியும்?

புகைப்படக்காரர் ஆர்னால்டு நியூமன் 1946-இல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படத்தை மறுபடி பார்த்தேன். திறந்து நிற்கும் பியானோ மூடியே படத்தை அடைத்துக்கொள்கிறது. மனிதர் இடது கீழ் மூலையில் ஒதுங்கியிருக்கிறார். அப்படியும் அவரைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அக்கா படத்தில் ஓரத்தை வெட்ட நினைத்திருந்தேன். வேண்டாம், அடுக்குகள் முழுசாக இருக்கட்டும்.

பிப்ரவரி 12

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். அக்கா தன் முகத்தைப் பார்க்கவேயில்லை. "மேல் அடுக்குல இலை பத்தல பாரு, யாரு போட்டது?" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

புழு கூடு கட்டத் தொடங்கிவிட்டது. அடுத்து தர்மபுரி பட்டுக்கூடு அங்காடி. ஏலத்தில் அக்காவின் வீட்டுக்காரர் நிற்பதைப் பார்க்க வேண்டும். கூட்டம் நெருக்கும், பக்கத்தில் நின்றே அகலமாகப் பிடிக்க 28 எம்எம் லென்ஸ் போதும்.