மூலையில் இருந்த 8 பின்

கல்லடி வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, மருமகனின் கம்பியூட்டருக்கு வேறு பவர் சப்ளை மாட்டினேன். 24 பின் (உலோக முனை) கேபிள், பிரதான பலகையான மதர்போர்டில் 'கிளிக்' என்று இறங்கியது. ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு.

"மறுகா என்ன மாமா?" என்றான்.

டோர்ச் அடித்துப் பார்த்தேன். கம்பியூட்டரின் மூளையான சிபியுவுக்கு 12 வோல்ட் கொடுக்கும் 8 பின் சொக்கெட், சூடு தணிக்கும் ஹீட்சிங்க் மறைவில், மேல் மூலையில் வெறுமையாகக் கிடந்தது. கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு, கையில் அகப்பட்ட 8 பின் கேபிளை வைத்து அழுத்தினேன். போகவில்லை, நல்லவேளை! அது கிராபிக்ஸ் கார்டுக்கான, 6+2 ஆகப் பிரியும் கேபிள். சிபியுவுக்கானது 4+4 ஆகப் பிரியும். பின்களின் வடிவமும் வேறு. சரி, அதைத் தேடியெடுத்து, கிளிப் பக்கம் பார்த்துச் செருகினேன். திரை வந்தது. ஐந்து நிமிடத்தில் கரண்ட் போனது.