செவத்துல தண்ணியால எழுதின அ

எங்க பால்வாடி திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் நடுவுல இருக்கு. போர்டுல அங்கன்வாடி மையம்னு தான் இருக்கும், ஆனா ஊர்ல ஒருத்தரும் அப்படி சொல்ல மாட்டாங்க, எல்லாருக்கும் அது பால்வாடி, நான் பால்வாடி டீச்சர். பதினாறு வருஷம் ஆச்சு. ஏப்ரல் மாசம் பொறந்தா போதும், பிள்ளைய விட வர்ற அம்மாமார் வாசல்லயே நின்னுக்கிட்டு ஒரே பேச்சு தான், "டீச்சர், ஜூன்ல இவன எல்கேஜில போடுதோம், அதுக்குள்ள அ ஆ, ஏபிசிடி எழுத வச்சிருங்க."

அவங்கள குறை சொல்ல மாட்டேன். ஃபீஸ் கட்டி சேக்கப்போற இடத்துல பிள்ள ஒண்ணும் தெரியாம முழிச்சிரக் கூடாதுன்னு பயம். அந்த பயத்துக்கு நானும் பல வருஷம் வேலை செஞ்சேன். சமையலுக்கு மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கும், எடை பாக்குறது, போன்ல பதிவு ஏத்துறதுன்னு என் வேலை ஒரு பக்கம், பிள்ளைங்க கையில சிலேட்டக் குடுத்து உக்கார வச்சிட்டா சத்தம் இருக்காது, பெத்தவங்களுக்கும் சந்தோசம்.

அப்போ மூணரை வயசுல ஒரு பையன் இருந்தான். குச்சிய பிடிச்சா கை வேர்த்து வழுக்கும், அழுத்தி எழுதுவான், குச்சி ஒடிஞ்சிரும். நான் அவன் கைமேல என் கையை வச்சு அமுக்கி அமுக்கி அ போட வச்சேன், ஒரு வாரம். அடுத்த திங்கக்கிழமை நான் பாய் விரிச்சிட்டு அவன் பக்கத்துல போய் உக்காந்தேன், அவன் அழல, ஒண்ணும் சொல்லல, வலது கைய மட்டும் மெதுவா எடுத்து தொடைக்கு அடியில வச்சு அதுமேல உக்காந்துக்கிட்டான். எனக்கு இப்ப எழுதும்போதும் நெஞ்சு என்னமோ பண்ணுது. ஒரு பிள்ளை என்னப் பாத்து கைய ஒளிக்குதேன்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

அதுக்கப்புறம் ஒரு பயிற்சில ஒரு மேடம் சொன்னாங்க, மணிக்கட்டுல எட்டு சின்ன எலும்பு இருக்கு, பொறக்கும்போது அது எல்லாம் வெறும் குருத்தெலும்பு, ஒவ்வொண்ணா வருசக்கணக்குல கெட்டியாகி எட்டும் முழுசா வர பத்து பன்னண்டு வயசாகும்னு. மூணு வயசுல பென்சில் பிடிக்க விரல் தயாரா இருக்காது, முதல்ல தோள், அப்புறம் முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, கடைசில தான் விரல்னு சொன்னாங்க. நான் தலைகீழா ஆரம்பிச்சிருக்கேன். அந்த வருசத்துல இருந்து கோடைல சிலேட்ட பீரோல வச்சு பூட்டிருவேன்.

முதல்ல செஞ்சது செவத்துல தண்ணி அடிக்கிறது தான். சுண்ணாம்பு அடிக்கிற பழைய மட்டை நாலஞ்சு கிடந்துச்சு, ஒரு வாளி தண்ணி, வெளிச் செவரு, அவ்வளவு தான் செலவு. காலைல ஒம்பது மணிக்கே அந்த கிழக்கு செவரு சுட ஆரம்பிச்சிரும், மட்டைய முக்கி இழுத்தா சிமெண்டு கருப்பா மாறும், பிள்ளைங்களுக்கு பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கும், எக்கி எக்கி உயரத்துல அடிப்பாங்க, குனிஞ்சு தரை வரைக்கும் இழுப்பாங்க, தோளும் முழங்கையும் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பக்கத்துல நின்னு பாத்தா தெரியும். நாலு வயசு பொண்ணு ஒண்ணு பெரிய வட்டமா போட்டு முடிச்சிட்டு என்னைய கூப்பிட திரும்புனா, மறுபடி செவத்த பாக்கும்போது பாதி வட்டம் இல்ல. "டீச்சர் யாரு அழிச்சா?"ன்னு அழுகையா வந்திருச்சு. நான் பதில் சொல்லல. இன்னொன்னு போட்டுப் பாருன்னேன். இந்த தடவ திரும்பாம முறைச்சு பாத்துக்கிட்டே நின்னா, ஓரத்துல இருந்து மெல்ல மெல்ல காயுறத பாத்துட்டு, "வெயில் குடிக்குது"ன்னா. சரி, நிழல் பக்கத்து செவத்துல போட்டா குடிக்குமான்னு கேட்டேன். எல்லாம் வாளிய தூக்கிட்டு மேற்கு பக்கம் ஓடிருச்சு. அங்க காய ரொம்ப நேரம் ஆச்சு, அதுக்குள்ள அவங்களே ஒண்ணு ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சு இருபதுக்கு மேல தெரியாம மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுனாங்க. நான் எண்ணச் சொல்லவே இல்ல.

அப்புறம் மணலும் சிரட்டையும். எங்க ஊர்ல தேரி மணலுக்கா பஞ்சம், செக்கச்செவேல்னு கொட்டி வச்சிருப்போம், ஈர மணல சிரட்டைல அமுக்கி இட்லி சுடுறது, கையால பிசையுறது எல்லாமே விரலுக்கு வேலை தான். தண்ணிய சொம்புல இருந்து பாட்டில்ல ஊத்துறது இன்னும் பிடிக்கும். ஊத்துறது, கரண்டியால அள்ளி மாத்துறது எல்லாம் மரியா மாண்டிசோரி அம்மா வகுப்புல வச்சிருந்த வேலைங்க தான், அவங்க 1939ல நம்ம சென்னை அடையாறுக்கு வந்து டீச்சர்மாருக்கு பயிற்சி குடுத்தவங்கன்னு கேள்விப்பட்டப்போ எனக்கு அவங்க ஏதோ சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க. ஒரு நாள் ரெண்டு டம்ளர்ல ஒரே அளவு தண்ணி எடுத்து, ஒண்ண அகல கிண்ணத்துலயும் ஒண்ண ஒல்லி பாட்டில்லயும் ஊத்துனேன், எதுல அதிகம்னு கேட்டா எல்லாரும் பாட்டில தான் காட்டுறாங்க. திருப்பி டம்ளர்ல ஊத்தி காட்டுனாலும், மறுபடி பாட்டிலுக்குப் போனதும் அதுல தான் அதிகம்ங்கிறாங்க. இந்த வயசுல அப்படித்தான் தெரியும், ஆறு ஏழு வயசுல தானா புரியும். முன்னாடி இருந்த நானா இருந்தா தப்புன்னு சொல்லி திருத்தியிருப்பேன். இப்போ அவங்க பத்து தடவ ஊத்தட்டும்னு விட்டுட்டேன், சிந்தாம ஊத்த கத்துக்கிட்டாங்க, அது போதும்.

ஒரு தப்பும் நடந்துச்சு, அதையும் சொல்லணும். புளி உடைக்கிற சீசன்ங்கிறதால வீட்டுக்கு வீடு புளியங்கொட்டை, பல்லாங்குழி வச்சு குழிக்கு அஞ்சு அஞ்சா போடச் சொன்னா எண்ணிக்கை நல்லா வரும்னு கொண்டு வந்தேன். வந்துச்சு தான். ஆனா ரெண்டரை வயசு பிள்ளை ஒண்ணு கொட்டைய மூக்குல போட்டுருச்சு, நான் குனிஞ்சு இன்னொரு பிள்ளைக்கு மூக்கு சிந்தி விட்டுட்டு இருந்தேன், ஒரு நிமிஷம் தான். ஆயாம்மா தான் பாத்து கத்துனாங்க. நாங்க கைய விட்டு நோண்டல, நோண்டுனா உள்ள போயிரும், தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம், டாக்டர் எடுத்துட்டாங்க. அவ அம்மா கால்ல விழாத குறையா மன்னிப்பு கேட்டேன். அதுல இருந்து சின்னப் பிள்ளைங்க இருக்குற ரூம்ல கொட்டை, மணி, கோலிக்காய் எதுவும் கிடையாது, பதிலுக்கு காஞ்ச பனங்கொட்டை, அது ஒரு கை நிறைய இருக்கும், வாய்க்கும் போகாது மூக்குக்கும் போகாது. தரைல மண்ணுல குழி தோண்டி அதுல போட்டு விளையாடுறாங்க. குழி தோண்டுறதும் அவங்களே தான்.

பனங்கொட்டைன்னதும் நுங்கு வண்டி ஞாபகம் வந்துருச்சு. மே மாசம் எங்க பக்கம் திரும்புன பக்கம் எல்லாம் நுங்கு தான். தின்னுட்டு போட்ட கூந்தல், அதான் நுங்கு எடுத்த வெறும் காய், ரெண்ட எடுத்து நடுவுல குச்சி சொருகி, கவட்டைக் கம்பால தள்ளுனா வண்டி. செஞ்சு குடுத்தது நான் இல்ல, ஒரு பையனோட ஆச்சி. பேரனை விட வந்தவங்க, "இது என்ன பெரிய வித்தையா டீச்சர், குடுங்க இங்க"ன்னு திண்ணைல உக்காந்து ஒரே காலைல ஆறு வண்டி போட்டு, ஓலை கிழிச்சு காத்தாடியும் முடைஞ்சு குடுத்துட்டாங்க, முன்னாடி எங்கிட்ட பிள்ளைங்கள ஏன் எழுத வைக்க மாட்டேங்கீங்கன்னு சண்டை போட்டவங்களும் அவங்க தான். நேரா ஓட்டுறது லேசு இல்ல, ரெண்டு கையும் சமமா தள்ளணும், கண்ணு முன்னாடி இருக்கணும், வளைக்கும்போது ஒரு கை அமுக்கணும் ஒரு கை விடணும். இப்படி தள்ளித் தள்ளி கைல பலம் வந்த பிள்ளைக்கு பென்சில் ஒரு விஷயமே இல்ல.

வெயில் விஷயத்துல நான் ரொம்ப கறார். வெளி விளையாட்டு எல்லாம் பத்து, பத்தரைக்குள்ள முடிஞ்சிரணும், கத்திரி வெயில் ஆரம்பிச்சிட்டா அதுக்கும் முன்னாடியே. தாகம் எடுத்தா பிள்ளை சொல்லாது, விளையாட்டு மும்முரத்துல மறந்துரும், அதனால அரை மணிக்கு ஒரு தடவ நானே வரிசையா தண்ணி குடிக்க வைப்பேன், மோர் இருந்தா மோர். வேர்க்குரு வந்த பிள்ளைக்கு நுங்குத் தண்ணி தடவுறது ஆச்சி வேலை.

ஒரே ஒரு நாள் மட்டும் அந்த ரூல மீறுவேன், சித்திரை பொறக்குற சமயம். ஏப்ரல் 12, 13 வாக்குல எங்க ஊருக்கு நேர் மேல சூரியன் வரும், மத்தியானம் பன்னண்டே கால் தாண்டி ரெண்டு மூணு நிமிஷம் போனா நிழல் காணாமப் போயிரும். அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே காலைல பிள்ளைங்கள நிக்க வச்சு நிழலச் சுத்தி சாக்பீஸால கோடு போட்டு வைப்போம், ஒம்பது மணிக்கு ஒரு கோடு, பத்தரைக்கு ஒரு கோடு, நிழல் சுருங்குதுன்னு அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க. இந்த வருசம் அந்த நாள்ல முற்றத்துல ஈரச் சாக்கு விரிச்சு, தலைல துண்டு போட்டு, ரெண்டே நிமிஷம்னு சொல்லி வெளிய கூட்டிட்டு வந்தேன். ஆச்சியோட பேரன் குனிஞ்சு பாக்குறான், சுத்திப் பாக்குறான், "என் நிழல் எங்க டீச்சர்?" ஒரு கால தூக்கினான், தூக்கின காலுக்கு நேர் அடியில கருப்பா கிடந்துச்சு, கத்துனான் பாருங்க, "மிதிச்சுட்டு நிக்கேன்!"

பத்து பிள்ளைங்களும் ஒத்தக் கால்ல நின்னு கீழ பாத்துட்டு இருந்தாங்க, ஆயாம்மாவும் செருப்ப தூக்கிப் பாத்தாங்க.

மறுநாள் அவன் வாளிய எடுத்துட்டு கிழக்கு செவத்துக்கு போய் ஒரு ஆள் வரைஞ்சான், பெரிய தலை, குச்சிக் கை, அடியில கருப்பா ஒரு பொட்டு, அது தான் நிழலாம். பக்கத்துலயே எங்கயோ பாத்து வச்சிருந்த அ ஒண்ணையும் போட்டான். சுழி திரும்பி இருந்துச்சு, இருந்தாலும் அது அ தான், நான் கைய பிடிக்கல. போன்ல போட்டோ எடுக்க ரூமுக்குள்ள போய் திரும்பி வர்றதுக்குள்ள பாதி காஞ்சிருச்சு. ஆச்சி கேட் பக்கத்துல நின்னு பாத்துட்டாங்க, ஒண்ணும் சொல்லல, அன்னைக்கு கூட்டிட்டு போகும்போது அவன் வலது கைய பிடிச்சு முத்தம் குடுத்தாங்க.

அவன் ஜூன்ல எல்கேஜிக்குப் போறான். சூரியன் ஆகஸ்ட் கடைசில இன்னொரு தடவ எங்க ஊருக்கு நேர் மேல வரும், அன்னைக்கு லீவா இருந்தா மத்தியானம் பன்னண்டுக்கு அவன பால்வாடிக்கு கூட்டிட்டு வாங்கன்னு ஆச்சிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். காலண்டர்ல குறிச்சுக்கிட்டாங்க.