நாத்துவாராவில் திரை போடும்வரை

உதய்பூர் என்றதும் எல்லோருக்கும் பிச்சோலா ஏரியும் நடுவில் மிதக்கிற வெள்ளை அரண்மனையும்தான் ஞாபகம் வரும். நாங்கள் கிளம்பியது அதற்காக இல்லை. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் நாத்துவாராவில், கோவர்த்தனக் குன்றைத் தூக்கிய கண்ணனான ஸ்ரீநாத்ஜியிடம் எங்களுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. ஏரி வழியில் கிடைத்த பிரசாதம்.

என் வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது அத்தை நேர்ந்துகொண்டது அது. புரசைவாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு குஜராத்திக் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டி எப்போதோ கொடுத்த ஸ்ரீநாத்ஜி படம், இடது கையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் பூஜை அலமாரியில் வேங்கடாசலபதிக்குப் பக்கத்தில் வெகுகாலமாக நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அத்தை அந்தப் படத்தைத்தான் கையில் எடுத்தார். “என் பிள்ளை எழுந்து நடமாடட்டும். கூட்டிக்கிட்டு வந்து உன் முன்னாடி நிறுத்துறேன்.” இவ்வளவுதான் வேண்டுதல். முடி இறக்குவது, உண்டியலில் போடுவது, எதுவும் இல்லை. கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

அப்புறம் டாக்டர் பயணம் போகலாம் என்று சொல்லக் காத்திருந்தோம். அவர் சொன்னது தை மாதத்தில். நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத், அங்கிருந்து காரில் உதய்பூர். குளிர் எலும்பைத் தொட்டது. அத்தை ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் என் துப்பட்டா என்று சுற்றிக்கொண்டு வந்தார்.

உதய்பூரில் முதலில் ஜகதீஷ் கோயிலுக்குப் போனோம். ஊருக்கு நடுவில், அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மகாராணா முதலாம் ஜகத் சிங் 1651-இல் கட்டி முடித்தது. கீழிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கல் யானை, நடுவில் செங்குத்தாக 32 படிகள். டாக்டர் “மெதுவாக ஏறுங்கள்” என்று சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, ஏறுகிறவரைத் தவிர. அவர் கிடுகிடுவென்று ஏறிப் போய் மேலே நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். அத்தைக்கு முழங்கால் வலி. படிக்குப் படி “கோவிந்தா” சொல்லித்தான் ஏறினார். மேலே ஏறினால் நேரே பித்தளைக் கருடன், எதிரே கருங்கல்லில் நான்கு கைகளோடு பெருமாள். கருடனைப் பார்த்ததும் அத்தைக்கு நம்ம ஊருக்கே வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சுவரில் வரிவரியாக யானை, குதிரை, ஆடும் பெண்கள் என்று ஒரு விரல் இடம் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். கீழே இறங்கியதும்தான் தொல்லை. ஓவியக் கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஆட்டோக்காரர்கள் விடவே இல்லை. கமிஷனுக்குத்தான். “வேண்டாம்” என்பது எந்த மொழியில் சொன்னாலும் அவர்களுக்குக் கேட்பதில்லை.

ஏரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கங்கௌர் படித்துறையில் உட்கார்ந்து பார்த்தோம். ஹோலிக்குப் பிறகு கங்கௌர் பண்டிகையில் ஈசனையும் கௌரியையும் ஊர்வலமாக இங்கேதான் கொண்டுவருவார்களாம். கல்யாணமான பெண்கள் கணவனுக்காக இருக்கும் நோன்பு அது. கேட்டதும் நானும் படித்துறையின் மூன்று வாயில்களையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். படகு டிக்கெட் விலையைக் கேட்டு அத்தை “தண்ணியைக் கரையிலிருந்தே பார்த்தா போதாதா” என்றார். ஆனாலும் ஏறினோம். ஜக் மந்திர் தீவைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு ஆசை. பின்னாளில் ஷாஜகான் ஆன இளவரசர் குர்ரம், அப்பா ஜஹாங்கீரை எதிர்த்துக் கிளம்பியபோது உதய்பூரை ஆண்ட மேவார் ராணா அடைக்கலம் கொடுத்துத் தங்கவைத்த இடம் அது. அப்போது அது எனக்கு வெறும் சரித்திரமாகத்தான் பட்டது. நாத்துவாரா போன பிறகுதான் உறைத்தது. அந்த ஷாஜகானின் மகன் ஔரங்கசீப் காலத்தில்தான் ஸ்ரீநாத்ஜியை கோவர்த்தன மலையிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு பக்தர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். கடைசியில் அபயம் கொடுத்தது இதே மேவாரின் மகாராணா ராஜ் சிங். அப்பாவைக் காப்பாற்றிய வம்சம், மகனுக்குப் பயந்து வந்த சுவாமியையும் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது.

மறுநாள் விடிந்தும் விடியாமல் வண்டி கிளம்பியது. வழியெல்லாம் மார்பிள் கடைகள், அப்புறம் மலை, ஒரு சுரங்கப்பாதை. கைலாஷ்புரியில் ஏகலிங்கஜி கோயில். போகும்போது நடை சாத்தியிருந்தது. “திரும்பி வரும்போது பாருங்கள், எங்கேயும் போய்விட மாட்டார்” என்றார் டிரைவர். நாத்துவாராவை நெருங்கும்போது 369 அடி உயரச் சிவன் சிலை, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது தூரத்திலேயே தெரிகிறது. 2022-இல் திறந்தது. சின்னவர்கள் எல்லாம் அங்கேதான் ஓடுகிறார்கள். நாங்கள் நிற்கவில்லை.

நாத்துவாராவில் கோபுரம் இல்லை. ஓடு வேய்ந்த ஒரு பெரிய வீடு, மேலே சுதர்சன சக்கரமும் ஏழு கொடிகளும். நந்தகோபர் மாளிகை என்பது பாவனை. உள்ளே இருப்பது ஏழு வயசுப் பிள்ளை. அவர் தூங்கி எழுவது, அலங்காரம் செய்துகொள்வது, மாடு மேய்க்கப் போவது, சாப்பிடுவது, மத்தியானம் கண்ணயர்வது எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. அந்த நேரத்துக்குத்தான் கதவு திறக்கும். மங்களா, சிருங்கார், குவால், ராஜபோக், உத்தாபன், போக், சந்தியா ஆரத்தி, சயன் என்று எட்டு தரிசனம். ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம்தான். குழந்தைக்கு அசதியாகிவிடுமாம். நம் இஷ்டத்துக்குப் போய் நிற்க முடியாது. அவர் இஷ்டப்படும்போது நாம் வாசலில் இருக்க வேண்டும்.

சந்துக்குள் நுழைந்ததுமே பிடித்துக்கொண்டார்கள். “ஸ்பெஷல் தரிசனம், முன்னாடியே நிற்கலாம், பெரியவங்களுக்குத் தனி வாசல்.” நெஞ்சில் தையல் போட்டவர் நசுங்கிவிடுவாரோ என்ற பயத்தில் வீட்டுக்காரர் ஒரு இளைஞனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டார். அவன் எங்களை நாலு சந்து சுற்றிக் கூட்டிப்போய், எல்லோரும் நிற்கிற அதே வரிசையில் விட்டுவிட்டு “ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா” என்று கும்பிட்டுவிட்டு மறைந்தான். சுவாமி பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களை என்ன சொல்வது. அந்தப் பணத்துக்கு ஒரு கூடைப் பூ வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

செல்போனை வெளியிலேயே கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அத்தைக்கு அது தெரியாது. “அவன் எங்கே? அவனை விட்டுட்டு நான் போய் என்ன பண்ணப் போறேன்?” என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். வீட்டுக்காரர் அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் ஒரு முறை கையைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், தலைகளுக்குள் மறைந்துவிட்டார்.

ராஜபோக் தரிசனத்துக்கு இருந்த கூட்டத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. திருப்பதியில் நின்றிருக்கிறேன், வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் நின்றிருக்கிறேன். அங்கெல்லாம் கம்பி இருக்கும், வரிசை நகரும். இங்கே ஒரு கதவு திறக்கும்வரை எல்லோரும் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறார்கள். கதவு திறந்த நொடியில் அத்தனை பேரும் எழுந்து ஒரே ஓட்டம். என் கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. அத்தை குள்ளம். எனக்கு முன்னால் இருந்தவர் எங்கே போனார் என்று தேடினால், முன்கை முழுக்கப் பச்சை குத்திய ஒரு கத்தியவாரிப் பெண்மணி அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். “மாஜி! தேக்கோ, தேக்கோ!” என்று அவர் காதில் கத்துகிறாள். தான் பார்க்கவில்லை, அத்தையைப் பார்க்க வைக்கிறாள். யாரோ, எந்த ஊரோ. அவள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

எனக்கு முதலில் கைதான் தெரிந்தது. தலைகளுக்கு மேலே, குன்றைப் பிடித்த அந்த இடது கை. அலமாரியில் தினமும் பார்த்த கைதான், ஆனால் கருங்கல்லில், நிஜமாக, அவ்வளவு கிட்டத்தில். அப்புறம் முன்னால் நின்றவள் குனிந்தாள். முகம் தெரிந்தது. முகவாயில் வைரம். குளிருக்கு இதமாகப் பஞ்சு வைத்துத் தைத்த மஞ்சள் அங்கி. ராத்திரி முழுக்க எங்களை நடுங்க வைத்த குளிர் அவருக்கும் உண்டு என்று யாரோ நினைத்து, அளவெடுத்துத் தைத்துப் போட்டிருக்கிறார்கள். பாதி தாழ்ந்த கண்கள் கீழே நம்மைத்தான் பார்க்கின்றன. வாங்கி வந்த கோரிக்கை எல்லாம் மறந்துபோயிற்று. “கூட்டி வந்துட்டோம்” என்று மட்டும் வாயில் வந்தது. அடுத்த தள்ளில் நான் வெளியே இருந்தேன்.

வெளியே வந்தால் வீட்டுக்காரரைக் காணோம். ஆண்கள் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டே இருக்கிறது. நாங்கள் பார்த்து முடித்தவர்கள், அவர் பார்த்தாரா? போன் கையில் இல்லை. மயக்கம் போட்டு விழுந்திருந்தால்? அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “அவனைக் கூட்டி வரச் சொல்லிட்டு, கூட்டத்துல விட்டுட்டியே அப்பா” என்று ஸ்ரீநாத்ஜியோடு சண்டை. நான் வாசலில் நின்ற ஆட்களிடம் தமிழும் அரைகுறை இந்தியுமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆட்களில் ஒருவராக வந்தார். சட்டையில் மேல் பட்டன் இரண்டும் அறுந்து, தழும்பு வெளியே தெரிய, கண்ணெல்லாம் ஈரம். பட்டன் அறுந்தபோது பக்கத்தில் இருந்த தலைப்பாகைக்காரர் ஒருவர் அந்தத் தையல் தழும்பைப் பார்த்துவிட்டாராம். ஒன்றும் கேட்கவில்லை. இவரைத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்தி, இரண்டு கையையும் விரித்து வேலி போட்டுக்கொண்டாராம். அவர் முதுகில் அத்தனை பேரும் மோதுகிறார்கள், இவர் மேல் ஒரு விரல் படவில்லை. “திரை போடும்வரை நின்னு பார்த்தேன்மா. எதிர்லயே நின்னேன்.”

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “நான்தானே உன்னை நிறுத்துறேன்னு வேண்டிக்கிட்டேன். உள்ளேயே வர முடியலை. அவனே நிறுத்திக்கிட்டான்.”

இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது. எங்களுக்கு ஒரு கணம், அவருக்குத் திரை விழும்வரை. யாருக்கு வேண்டுமோ அவருக்கு அளந்து கொடுத்திருக்கிறார். அந்தத் தலைப்பாகைக்காரரைத் தேடினோம், ஒரு வார்த்தை நன்றி சொல்ல. கிடைக்கவில்லை. மண் குவளையில் புதினா டீ குடித்துக்கொண்டே ஒவ்வொரு தலைப்பாகையாகப் பார்த்ததுதான் மிச்சம். அந்த டீ, அடடா. அதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை, அன்றைக்கு எல்லாமே அவர் கொடுத்ததாகத்தான் பட்டது.

அந்த டீக்கடையில்தான் சுவாமி வந்த வண்டியின் கதையைச் சொன்னார்கள். அப்போது இந்த இடத்துக்கு சிஹாட் கிராமம் என்று பெயர். வண்டிச் சக்கரம் மண்ணில் புதைந்து நகரவில்லை. சுவாமிக்கு இங்கேதான் இஷ்டம் என்று தெரிந்து, 1672-இல் பிரதிஷ்டை. அத்தைக்கு உடனே ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் ஞாபகம். 1323-இல் ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்பி, காடு மலையெல்லாம் அலைந்து, 1371-இல் அல்லவா திரும்பினார். “அவர் வீட்டுக்குத் திரும்பிட்டார், இவர் திரும்பலையே” என்று வருத்தப்பட்டார். கடைக்காரருக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. இருக்கிற இடம்தான் அவருக்குக் கோவர்த்தனம் என்றார்.

உத்தாபனுக்கு மறுபடியும் போனோம். சங்கு ஊதி எழுப்புகிற நேரம். கூட்டம் குறைவு, அத்தை யார் உதவியும் இல்லாமல் தானே பார்த்தார். தோர் என்கிற இனிப்புப் பிரசாதம் வாங்கினோம், எதிர்வீட்டுப் பாட்டிக்குத் தனியாக ஒரு பொட்டலம். சாயங்காலம் ஏகலிங்கஜி திறந்திருந்தார். கருங்கல்லில் நான்கு முகம் கொண்ட லிங்கம். மேவாருக்கு அவர்தான் ராஜா, மகாராணாக்கள் அவருடைய திவான் என்ற முறையில்தான் ஆண்டார்கள். திருவிதாங்கூர் ராஜாக்கள் பத்மநாபதாசர் என்று ஆண்ட மாதிரி. நிதானமாக நிற்க விட்டார்கள். காலையில் பட்ட இடிக்கு அந்த நிதானமே மருந்தாக இருந்தது.

அத்தைக்கு இப்போது அன்னகூடம் பார்க்க வேண்டுமாம். தீபாவளிக்கு மறுநாள் சோற்றை மலையாகக் குவித்து நைவேத்தியம் செய்து, பீல் பழங்குடி மக்கள் வந்து அதை அள்ளிக்கொண்டு போவார்களே, அது. அன்றைக்கு இருக்கும் கூட்டத்தை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வீட்டுக்காரர் காலண்டரை எடுத்துத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டைக்குப் பதிலாக இந்த முறை பட்டன் இல்லாத ஜிப்பா போட்டுக்கொள்கிறாராம்.