பச்சைப் பேச்சும் பதினேழு வயதும்

பள்ளிப் பையன்களை வைத்து எடுக்கப்படும் பச்சையான நகைச்சுவைப் படங்களை முகம் சுளித்து ஒதுக்குகிறவன் அல்லன் நான். அவற்றில் பெரும்பாலானவை பொய்யாக இருக்கின்றன என்பதுதான் என் குறை. ஆபாசம் கூடிப்போனதால் அவை பொய்யாவதில்லை. அந்த வயதில் எங்கள் வாயும் அப்படித்தான் இருந்தது. படத்தில் பேசுகிற பையனுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது என்பதே கோளாறு.

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் காலைப் பேருந்தில், பெண்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று வீரவநல்லூர் முழுதும் அளந்துகொண்டு வந்த எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனிடம், சேரன்மகாதேவியில் ஏறிய கல்லூரி மாணவி ஒருத்தி தன் பையை வைத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினாள். "குடுங்கக்கா" என்று எழுந்தே நின்றுவிட்டான். பிறகு அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் கைபடாமல், திருநெல்வேலி சந்திப்பு வரும்வரை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தான். "லேய், அக்காவாலே!" என்று அவனை நாங்கள் வெகுநாள் விடவில்லை. வாய்வீச்சுக்கும் அந்த "அக்கா"வுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் இத்தகைய படத்தின் சிரிப்பு பிறக்க வேண்டும். அளந்தவனை விட்டுவிட்டுப் பை நீட்டியவளின் உடலைக் கேலிப்பொருளாக்கினால் அங்கே பதின்பருவம் இல்லை. நடுவயதுக் கதாசிரியர் ஒருவரின் கற்பனைதான் இருக்கிறது.

2007இல் வந்த 'சூப்பர்பேட்' இதைச் சரியாகப் பிடித்த ஹாலிவுட் படம். சேத் ரோகனும் இவான் கோல்ட்பெர்க்கும் 13 வயதளவிலேயே எழுதத் தொடங்கிய கதை அது. நாயகர்கள் இருவருக்கும் அவர்களுடைய பெயர்களே. மது வாங்குவதற்காகப் போலி அடையாள அட்டை எடுத்துவரும் பையன், வயதை 25 என்று போட்டுக்கொள்வதோடு நில்லாமல், 'மெக்லவின்' என்ற ஒற்றைப் பெயரை மட்டும் அதில் பொறித்துக்கொண்டு பெருமையாக வந்து நிற்கிறான். பெரியவனாகத் தெரிவது எப்படி என்று ஒரு சிறுவன் போடுகிற கணக்கு அப்பட்டமாகத் தெரிவதால், அதில் ஒரு கெட்ட வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

நம் ஊர்ப் பையன்களைக் காட்டும் படங்களிலோ முப்பதைத் தாண்டிய நடிகர் சீருடை அணிந்து, வரிக்கு ஒரு "ஏலே" சேர்த்து, இரட்டை அர்த்தத்தில் பேசுகிறார். இரட்டை அர்த்தம் என்பது பெரியவர்கள் சபையில் பேசுவதற்காகக் கண்டுபிடித்த தந்திரம். பையன்கள் தங்களுக்குள் ஒற்றை அர்த்தத்தில்தான் பேசுவார்கள். வாசலில் ஆச்சியின் செருப்புச் சத்தம் கேட்டதும், அரையாண்டுத் தேர்வு பற்றிய பேச்சுக்கு ஒரே மூச்சில் தாவிவிடுவார்கள். அந்தத் தாவலைப் படமாக்குகிறவர்களைத்தான் காணோம்.

'ஏ' சான்றிதழ் கிடைத்துவிட்டால், 18 வயது நிரம்பாதவர்கள் அந்தப் படத்தைத் திரையரங்கில் பார்க்க முடியாது. அதாவது படம் யாரைப் பற்றியதோ அவர்களே வெளியே. கேட்க ஆளில்லை என்ற துணிச்சல் எழுதுகிறவர்களுக்கு அதனால்தான் வருகிறதோ என்னவோ. பாளையங்கோட்டைப் பிளஸ் டூ மாணவன் எவனையாவது முதல் வரிசையில் உட்கார வைத்தால், "எவம்லே இப்படிப் பேசுதான்?" என்று இடைவேளைக்கு முன்பே கேட்டுவிடுவான்.