கர்ப்பப்பை எடுத்தாச்சுன்னுதான் சொன்னாங்க, சினைப்பையும் போனது எனக்கு எட்டு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது

2022 நவம்பர்ல எனக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சு, அப்ப வயசு 39. அதுக்கு முன்னாடி மூணு வருஷமா கர்ப்பப்பையில ஃபைப்ராய்டு கட்டி, மாசத்துல பாதி நாள் ப்ளீடிங், ஹீமோகுளோபின் 7.2க்கு வந்து ரெண்டு தடவை இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏத்துனாங்க, மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்கும். கூடவே எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்சுவர் மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது, அதனால ரெண்டு பக்க சினைப்பையிலயும் பழைய ரத்தம் தேங்குன சாக்லேட் சிஸ்ட். அதனால ஆபரேஷன் பண்ணது தப்புன்னு நான் சொல்ல வரலை, வேற வழி இல்லாமலும் இருந்திருக்கலாம். எதை எடுக்கப் போறோம், எடுத்தா உடம்புல என்ன ஆகும்னு ஒருத்தர் கூட உட்கார வெச்சு சொல்லலை, அதுதான் எனக்கு இன்னும் ஆறலை. "எல்லாத்தையும் க்ளீன் பண்ணியாச்சும்மா, இனிமே தொந்தரவே இருக்காது"ன்னாங்க. நான் கட்டிகளைச் சொல்றாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

மூணாவது நாள் ராத்திரி ஆஸ்பத்திரியிலயே ஆரம்பிச்சுடுச்சு. நெஞ்சுல இருந்து சூடு கிளம்பி கழுத்து, முகம், காது மடல் வரைக்கும் ஏறுது, அடுத்த நிமிஷம் வேர்வை தலைமுடிக்குள்ள இருந்து வழியுது. காய்ச்சல்னு பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன், தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்துட்டு 98.4, ஒண்ணுமில்லக்கா, ஆபரேஷன் சூடு, இளநீர் குடிங்கன்னு போயிட்டாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் அது ராத்திரிக்கு நாலு தடவை, அஞ்சு தடவைன்னு ஆச்சு. மார்கழி மாசம், வீட்ல எல்லாரும் போர்வைக்குள்ள இருக்காங்க, கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை ஆரம்பிக்கிற நேரத்துல நான் நனைஞ்ச நைட்டியோட ஹால்ல வெறும் ரெட் ஆக்ஸைடு தரையில கன்னத்தை வெச்சுப் படுத்திருப்பேன், அந்த ஜில்லுக்காக. அஞ்சு நிமிஷம் கழிச்சு குளிர்ல நடுங்கும், எழுந்து போய் போர்வை தேடணும்.

தூக்கம் போச்சுன்னா எல்லாம் போச்சு. நான் கூட்டுறவு சங்கத்துல நகைக்கடன் செக்ஷன்ல இருக்கேன். ஒரு நாள் 24.3 கிராம் செயினை 23.4னு எழுதிட்டேன், மேனேஜர் பார்த்துட்டதால தப்பிச்சுது. பதினாறு வருஷத்துல அப்படி ஒரு தப்பு நான் பண்ணதில்லை. பல வருஷமா வர்ற கஸ்டமர் பேரு நாக்கு நுனியில நிக்கும், வராது. காலையில எழுந்தா விரல் மூட்டெல்லாம் மடக்க முடியாம வலிக்கும். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஈசிஜி எடுத்தா நார்மல், தைராய்டு நார்மல், சுகர் நார்மல். பையன் சாப்பாட்டுத் தட்டோட வந்து இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டதுக்கு நான் கத்துன கத்துல அவன் தட்டைப் பிடிச்சபடியே என் முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னான், அந்தப் பார்வையை மறக்க முடியலை. வீட்டுக்காரர் பக்கத்துல வந்தாலே எனக்கு பயம், ஏன்னா அவ்வளவு வறட்சி, எரிச்சல், வலி. அதை யார்கிட்ட போய் சொல்றது?

சொந்தக்காரங்க எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாங்க. உளுந்தங்களி, வெந்தயம், எள்ளுருண்டை, எல்லாம் சாப்பிட்டேன், சத்துதான், ஆனா இந்த சூட்டை அது நிறுத்தலை. அம்மா "எனக்கும் வந்துச்சுடி, தானா போயிடும்"னாங்க. அம்மாவுக்கு 48 வயசுல, மூணு வருஷம் தள்ளித் தள்ளி வந்து மெதுவா நின்னுச்சு. எனக்கு ஏன் இப்படின்னு அவங்களுக்கும் புரியலை, எனக்கும் புரியலை.

2023 ஜூலையில ஆபீஸ் தோழி ஒருத்தி வற்புறுத்தி வேற ஒரு லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. அவங்க என் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி ஒரு வரியை விரலால காட்டுனாங்க. டி.ஏ.ஹெச் வித் பி.எஸ்.ஓ. "இது என்னன்னு தெரியுமாம்மா?" தெரியாதுன்னேன். எட்டு மாசமா பீரோவுல பாலிசி பேப்பரோட பத்திரமா வெச்சிருந்த காகிதம் அது. ப்ரிஸ்கிரிப்ஷன் பேடை திருப்பிப் போட்டு பேனாவால ஒரு கர்ப்பப்பை, ரெண்டு பக்கம் டியூப், டியூப் முனையில பாதாம் பருப்பு மாதிரி ரெண்டு சினைப்பை வரைஞ்சாங்க. முதல் மூணு எழுத்து கர்ப்பப்பை. அடுத்த மூணு எழுத்து, ரெண்டு பக்க டியூபும் ரெண்டு சினைப்பையும்.

அப்புறம் அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தா பீரியட்ஸ் நிக்கும், ஆனா சினைப்பை ஹார்மோனைச் சுரந்துக்கிட்டேதான் இருக்கும், மெனோபாஸ், அதாவது சினைப்பை ஹார்மோன் சுரக்குறது நின்னு போறது, உடனே வராது, சிலருக்கு சில வருஷம் முன்னாடி வரலாம், அவ்வளவுதான். டியூபை எடுத்தாலும் மெனோபாஸ் வராது. ரெண்டு சினைப்பையையும் எடுத்தா அது சுரக்குற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஒண்ணு ரெண்டு நாள்லயே சரிஞ்சுடும், கூடவே டெஸ்டோஸ்டிரோனும் பாதியா குறையும். அம்மா உடம்புக்கு பழக வருஷக்கணக்குல டைம் கிடைச்சுது, எனக்கு மெயின் ஸ்விட்சை இறக்குன மாதிரி. நம்ம ஊர்ல ரெண்டுக்குமே "கர்ப்பப்பை ஆபரேஷன்"னு ஒரே பேரு, அதனாலதான் யாருக்கும் வித்தியாசம் தெரிய மாட்டேங்குது.

வேர்வையும் எரிச்சலும்தான் பிரச்சனைன்னா பல்லைக் கடிச்சுட்டு இருந்திருப்பேன். ஆனா 45 வயசுக்குள்ள சினைப்பை போயி ஹார்மோனும் எடுத்துக்காம விட்டா எலும்பு தேயும், இதய நோய்க்கும் வாய்ப்பு கூடும்னு சொன்னதும்தான் எனக்கு உறைச்சுது. எலும்பு அடர்த்தி பார்க்குற டெக்ஸா ஸ்கேன்ல முதுகெலும்பு டி-ஸ்கோர் மைனஸ் 1.6. மைனஸ் 2.5ஐத் தொட்டா எலும்புப்புரை, எனக்கு அதுக்கு முந்தின நிலை. நாப்பது வயசுல!

ஹெச்.ஆர்.டி., அதாவது குறைஞ்சு போன ஹார்மோனை மருந்தா குடுக்குறதுன்னு டாக்டர் சொன்னதும் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, கேன்சர் வராதா மேடம். அந்த பயம் 2002ல அமெரிக்காவுல வந்த ஒரு பெரிய ஆய்வுல இருந்து பரவுனது, அதுல இருந்தவங்க சராசரி வயசு 63, மார்பகப் புற்று கூடுனது ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரான் வகை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவங்களுக்கு, கர்ப்பப்பை எடுத்துட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவங்களுக்கு கூடலைன்னாங்க. "இவங்க வயசுல உடம்புல இருந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பிக் குடுக்குறோம், 50 வயசு வரைக்குமாவது, அப்புறம் பார்த்து முடிவு பண்ணலாம்." கர்ப்பப்பை இல்லாதவங்களுக்கு பொதுவா ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதுமாம். எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததால, மிச்சம் மீதி எங்கயாவது ஒட்டியிருந்தா அது திரும்ப வளரக் கூடாதுன்னு கூடவே புரோஜெஸ்டிரானும் குடுத்தாங்க. இதை தயவுசெஞ்சு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, என் ப்ரிஸ்கிரிப்ஷனைப் பார்த்து யாரும் வாங்கிடாதீங்க.

மேமோகிராம், பிபி, கொலஸ்ட்ரால், லிவர் டெஸ்ட் எல்லாம் முடிச்சுதான் ஆரம்பிச்சோம். எனக்கு ஜெல், குளிச்சுட்டு துடைச்சு தொடையில தடவி காயவிட்டு அப்புறம்தான் புடவை கட்டணும், காயறதுக்குள்ள வேற யாரு மேலயும் படக் கூடாது. தோல் வழியா போறதால மாத்திரை அளவுக்கு ரத்தம் உறையுற பயம் இல்லைன்னாங்க. எங்க ஊர் மெடிக்கல்ல ஸ்டாக் இருக்காது, தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வெக்கணும். நாலாவது வாரம் ஒரு நாள் காலையில அலாரம் அடிச்சுதான் கண்ணு முழிச்சேன். தலையணை உறையைத் தொட்டுப் பார்த்தேன், காஞ்சிருந்துச்சு. அப்படியே உட்கார்ந்து அழுதுட்டேன். மூட்டு வலி குறைய இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு. வறட்சிக்கு மட்டும் தனியா க்ரீம் குடுத்தாங்க, அது வந்தப்புறம்தான் நாங்க பழையபடி ஆனோம். இப்ப கேழ்வரகு, கால்சியம், வைட்டமின் டி, தினம் வேக நடை, வாரம் மூணு நாள் வெயிட் தூக்குறது.

எல்லாருக்கும் இது ஒத்து வராது. எங்க ஆபீஸ்லயே ஒரு அக்காவுக்கு 36 வயசுல மார்பகப் புற்று, கீமோவுல பீரியட்ஸ் நின்னு இதே சூடு, இதே வேர்வை. ஹார்மோனால வளர்ற வகைங்கறதால அவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குடுக்க மாட்டாங்க. ராத்திரிக்கு காபாபென்டின்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க, அதுல பாதிக்கு மேல குறைஞ்சுதுன்னாங்க. கீமோவுல நின்னது சிலருக்கு திரும்ப வரும், அதனால நின்னுடுச்சேன்னு கர்ப்பத்தடையை விட்டுடக் கூடாதுன்னும் அவங்க டாக்டர் சொல்லியிருக்காங்க.

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணா. அவளுக்கு 37, ஃபைப்ராய்டு மட்டும்தான், வர்ற திங்கக்கிழமை ஆபரேஷன். அட்மிஷன் பேப்பரை எடுத்து அதுல எழுதியிருக்கிற எழுத்தை ஒண்ணொண்ணா படிடின்னேன். டி, ஏ, ஹெச்னு படிச்சா. அப்புறம் பி, எஸ், ஓ. ஸ்கேன்ல சினைப்பை எப்படி இருக்குன்னு போட்டிருக்குன்னு கேட்டேன், ரெண்டும் நார்மல்னா. "அப்ப ஏன் எடுக்கணும், விட்டுவெக்க முடியுமா, கண்டிப்பா எடுக்கணும்னா காரணம் என்ன, எடுத்தா அப்புறம் ஹார்மோனுக்கு என்ன பண்ணப் போறீங்க, இதெல்லாம் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேளு, மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ"ன்னேன். ஒரு பேப்பர்ல எழுதிக்கிறேன்க்கா, மெதுவா சொல்லுங்கன்னா. ஒவ்வொண்ணா திரும்பச் சொன்னேன்.