முகூர்த்தம் லிவர்மோரில், பதிவு சான்டா கிளாராவில்

அண்ணன் 2022ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் காலமானார். கலிபோர்னியாவில் பதினேழு ஆண்டுகளுக்கும் மேல் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டத்துக்கு வரி கட்டியவர் என்பதால், அண்ணிக்கு அறுபது வயது நிறையும்போது கணவரின் கணக்கிலிருந்து மாதத்தொகை கேட்டு விண்ணப்பிக்கும் வழி இருந்தது. அதற்குத் திருமணம் நடந்ததற்கான சான்று வேண்டும். அதுவும் மூலச்சான்றாகவோ, வழங்கிய அலுவலகமே முத்திரையிட்டுத் தந்த சான்றிட்ட நகலாகவோ இருக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிய பிரதி செல்லாது. 1991இல் திருமணமானபோது வாங்கி வைத்திருந்த நகல், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது மற்றக் காகிதங்களோடு கூழாகிப் போயிருந்தது. மிஞ்சியது, சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்த, கோயிலில் கொடுத்த திருமணச் சான்றிதழ் மட்டுமே. அது அழகானது, ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் பதிவு ஆகாது. டாலஸில் இருக்கும் நான் தேடித் தருவதாகச் சொன்னேன். அந்தத் தேடல் ஏறக்குறைய நான்கு மாதம் நீண்டது. அதில் பெரும்பகுதி நான் செய்த ஒரே ஒரு பிழையால் வந்தது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

"தம்பி, கல்யாணம் லிவர்மோர் கோயில்ல நடந்தது, அங்க கேட்டாக் கிடைக்கும்" என்றார் அண்ணி. லிவர்மோரின் சிவா விஷ்ணு கோயில் இருப்பது அலமீடா கவுன்டியில்; கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது. ஆகவே யோசிக்காமல் அந்தக் கவுன்டிக்கு விண்ணப்பம் அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து, அந்தப் பெயர்களில் பதிவு எதுவும் இல்லை என்ற சான்றுதான் தபாலில் வந்தது. கலிபோர்னியாவில் தேடலுக்கே கட்டணம் என்பதால், பதிவு கிடைக்காவிட்டால் பணம் திரும்பாது; இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பூசாரி காகிதத்தைத் திருப்பி அனுப்பவே இல்லையோ, திருமணம் பதிவாகவே இல்லையோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. பதற்றத்தில், இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட ஒரு தனியார் தேடல் சேவைக்குப் பணம் கட்டினேன். அண்ணனின் பழைய முகவரிகளைத்தான் பட்டியலிட்டு அனுப்பினார்கள். அந்தச் செலவு முழுக்க வீண்.

உண்மையில் அலமீடா அலுவலகம் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தது. நான்தான் நடைமுறையைத் தெரிந்துகொள்ளாமல் கேட்டிருந்தேன். கலிபோர்னியாவில் மணமக்கள் முதலில் ஏதாவதொரு கவுன்டியின் கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் போய், கட்டணம் செலுத்தித் திருமண உரிமம் வாங்குகிறார்கள். மேரேஜ் லைசென்ஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அந்த உரிமம் 90 நாள் செல்லும், மாநிலத்தின் எந்தக் கவுன்டியிலும் அதை வைத்துத் திருமணம் நடத்தலாம். சடங்கு முடிந்ததும் நடத்தி வைத்தவரும் சாட்சியும் அதே தாளில் கையெழுத்திட, நடத்தி வைத்தவர் அதை உரிமம் வழங்கிய கவுன்டிக்கே திருப்பி அனுப்ப வேண்டும்; இப்போதைய சட்டப்படி அதற்குப் பத்து நாள் அவகாசம். அங்கே பதிவாளர் பதிவேட்டில் ஏற்றிய பிறகு, உரிமமாகப் போன தாளே திருமணச் சான்றாகிவிடுகிறது. ஆகவே தாலி எந்த ஊரில் கட்டப்பட்டது என்பதற்கும் பதிவு எங்கே இருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. உரிமம் எங்கே வாங்கினார்கள் என்ற ஒன்றைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அண்ணிக்கோ அது நினைவில் இல்லை. திருமணத்துக்குப் பத்து நாள் முன்னர் இந்தியாவிலிருந்து வந்து இறங்கியவர், ஏதோ ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றதும், வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னதும்தான் ஞாபகம் என்றார்.

விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. 2008இல் ஊர் திரும்பும்போது அண்ணன் ஒரு பழுப்புநிறப் பெட்டியை எங்களிடம் விட்டுப் போயிருந்தார். அதற்குள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய செக்புத்தக அடிக்கட்டைகள் ஆண்டுவாரியாக இருந்தன. ரப்பர் உலர்ந்து தொட்டதும் உதிர்ந்தது. 1991ஆம் ஆண்டுக் கட்டில், வாடகைக்கும் மளிகைக்கும் இடையே, அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில் 'சான்டா கிளாரா கவுன்டி கிளார்க், மே. லை.' என்றிருந்தது. அப்போது அவர் வேலை பார்த்தது சன்னிவேலில். அது சான்டா கிளாரா கவுன்டி. மதிய இடைவேளையில் சான் ஓசே வரை போய் உரிமம் வாங்கி, வார இறுதியில் லிவர்மோரில் மாலை மாற்றியிருக்கிறார்கள்.

விண்ணப்பிக்கும் முன் இன்னொரு கேள்வியும் எழுந்தது. கலிபோர்னியாவில் பொது உரிமம், ரகசிய உரிமம் என இரண்டு வகை உண்டு. ரகசிய உரிமத்தில் பதிவு பொதுமக்கள் பார்வைக்கு வராது. கணவனோ மனைவியோ கேட்டால்தான் நகல் தருவார்கள், மற்றவர்களுக்கு நீதிமன்ற ஆணை வேண்டும். அண்ணன் எடுத்தது அந்த வகையென்றால் நான் கேட்டுப் பயனில்லை, அண்ணியேதான் கேட்க வேண்டும். இதைத் தீர்த்து வைத்தது, அப்போது திருச்சிக்கு அப்பா அம்மாவுக்காக அனுப்பிய திருமண ஆல்பம். அதில் ஒரு படத்தில், பட்டு வேட்டியோடு அண்ணன் நிற்க, அவருடைய நண்பர் குனிந்து மேசைமேல் ஒரு நீளமான தாளில் கையெழுத்திடுகிறார். பக்கத்தில் குருக்கள் பேனாவோடு காத்திருக்கிறார். ரகசிய உரிமத்துக்குச் சாட்சிக் கையெழுத்தே தேவையில்லை. பொது உரிமத்துக்கு ஒரு சாட்சியாவது வேண்டும். முப்பது வருடம் எத்தனையோ முறை புரட்டிய படம்தான், அந்தத் தாள் என்ன என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பொதுப் பதிவிலும் இரண்டு வகை நகல் உண்டு. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கக்கூடிய தகவல் நகலில், அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்ற வாசகம் அச்சிட்டிருக்கும். சட்டப்படி பயன்படுவது அங்கீகரிக்கப்பட்ட நகல். அதைத் தம்பதியரும், அவர்களின் பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினரும்தான் கேட்கலாம். தபாலில் கேட்பவர்கள், தாம் இன்ன உறவு என்று சத்தியம் செய்யும் வாக்குமூலத்தில் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அண்ணியே கேட்பதானால், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவைக்கு நேரம் வாங்கி, ஒரு முத்திரைக்கு 50 டாலர் கட்டியிருக்க வேண்டும். தம்பி என்ற முறையில் எனக்கே தகுதி இருந்ததால், என் வங்கிக் கிளையில் இருந்த நோட்டரியிடம் அந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாமல், அவர் கண்முன் போடுவது நல்லது.

விண்ணப்பத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது பெயர்களில். நம் வழக்கத்தில் தலைப்பெழுத்தாக நிற்கும் அப்பாவின் பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிடும். சிலருக்கு ஊர்ப் பெயரும் சேர்ந்து கொள்ளும். பதிவேட்டின் அகரவரிசை குடும்பப் பெயரை வைத்துத்தான் இருக்கும். அண்ணனின் பழைய பாஸ்போர்ட் பக்கத்தில் பெயர் எப்படி அச்சாகியிருந்ததோ அப்படியே எழுதினேன். அண்ணிக்குத் திருமணத்துக்கு முந்தைய பெயரை, அதாவது அவருடைய தகப்பனார் பெயரோடு சேர்ந்ததை எழுதினேன். இப்போதைய பெயரை மட்டும் எழுதியிருந்தால் இன்னொரு முறை 'இல்லை' என்ற பதில் வந்திருக்கலாம். திருமண நாளோடு சடங்கு நடந்த ஊரையும் எழுதி, 2023இல் ஒரு நகலுக்கு 17 டாலர் வீதம் மூன்று நகலுக்குக் காசோலை வைத்து அனுப்பினேன்.

கலிபோர்னியாவுக்குப் பொருந்துவது எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது. நான் வசிக்கும் டெக்சஸில் சான்றிட்ட நகலைக் கவுன்டி கிளார்க்தான் தருவார். மாநில அலுவலகம் திருமணம் பதிவானது என்ற உறுதிக் கடிதம் மட்டுமே தரும். ஒஹாயோவில் புரோபேட் நீதிமன்றத்தையும், வர்ஜீனியாவில் சர்க்யூட் நீதிமன்றக் கிளார்க்கையும் கேட்க வேண்டும். நியூ ஜெர்சியில் நகராட்சிப் பதிவாளரிடமும், நியூயார்க் மாநகரில் சிட்டி கிளார்க்கிடமும் பதிவு இருக்கும். எந்த மாநிலத்தில் எந்த அலுவலகம் என்பதைத் தேசியச் சுகாதாரப் புள்ளிவிவர மையம் மாநிலவாரியாக வெளியிட்டு வைத்திருக்கிறது. தனியாருக்குப் பணம் கட்டும் முன் அதைப் பார்த்திருந்தால் எனக்குப் பணம் மிஞ்சியிருக்கும், தவிப்பும் இருந்திருக்காது.

ஐந்தாவது வாரம் உறை வந்தது. ரூபாய் நோட்டைப் போல மெல்லிய கோலம் ஓடும் தாள், விரலில் தட்டுப்படும் கவுன்டி முத்திரை, நடுவில் 1991இன் அந்தத் தாளின் பிரதி. குருக்களின் கையெழுத்தும் நண்பரின் கையெழுத்தும் இருந்தன. மணமக்களின் பெற்றோர் பெயரையும் பிறந்த நாட்டையும் கேட்கும் கட்டங்களில் எங்கள் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். கைபேசியில் படம் அனுப்பியதும் அண்ணி கூப்பிட்டார். "அத்தையோட கல்யாணத்துக்கு முந்தின பேரக் கேட்டிருக்காங்க, அதையும் சரியா எழுதியிருக்கார் பாருங்க தம்பி" என்றவர், அதற்குமேல் பேசவில்லை.

மூன்றில் ஒன்று சோஷியல் செக்யூரிட்டி விண்ணப்பத்தோடு போய், சரிபார்த்த பிறகு திரும்பி வந்தது. இரண்டாவதை, சென்னையில் ஒரு வங்கி கேட்டதற்காக, சாக்ரமென்டோவில் உள்ள கலிபோர்னிய அரசுச் செயலர் அலுவலகத்துக்கு 20 டாலரோடு அனுப்பி அப்போஸ்டில் வாங்கினேன்; ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்காக, பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றின்படி தரும் சான்று அது. இந்தியா 2005இலேயே அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால், அதற்கு மேல் தூதரக முத்திரை தேவைப்படவில்லை. மூன்றாவது நகல் டாலஸில், அதே பழுப்புநிறப் பெட்டியில், அடிக்கட்டைகளுக்கு மேலே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.