நைனாவுக்கு கட்டு கட்டினது நான்தான், அழுதது மூணு மாசம் கழிச்சி

வீடு தண்டையார்பேட்டைல, நான் ஸ்டாஃப் நர்ஸ், பதினோரு வருஷமா ஐசியூல தான் டியூட்டி. போன ஆடி மாசம் நைனா தூக்கத்துலயே போயிட்டாரு. அம்மா கத்தின சத்தத்துல ஓடிப்போயி நாடி பாத்தேன், கண்ணுல டார்ச் அடிச்சேன், அதுக்கப்புறம் என் கை தன்னால வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சி. கண்ண மூடிவிட்டு, அவரோட பழைய வேட்டிய கிழிச்சி தாடைய கட்டி, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்து கட்டினேன். வார்டுல எத்தனையோ பேருக்கு கட்டின அதே முடிச்சி. ஒரு சொட்டு கண்ணீர் வரல.

அப்புறம் அலைச்சல் தான். வீட்ல நடந்த சாவுன்றதால டாக்டர் கிட்ட காரணம் எழுதி 4ஏ ஃபார்ம் வாங்கணும், 21 நாளைக்குள்ள கார்ப்பரேஷன்ல பதிஞ்சிட்டா ஃபீஸ் கிடையாது. ஐஸ் பெட்டி, மூலக்கொத்தளம் சுடுகாடு, பதினாறாம் நாள் காரியம், வாரிசு சர்டிஃபிகேட்டு, எல்லாம் நான்தான் ஓடினேன். பதினாறு முடிஞ்சதும் பந்தலும் போச்சி, சொந்தக்காரங்களும் போயிட்டாங்க. டியூட்டிக்கு போனா யாரும் ஒரு வார்த்தை கேக்கல, மறுநாளே நைட் போட்டாங்க. எனக்கு அது இன்னும் வலிக்குது.

ஐப்பசில ஒரு நைட்டு, ஒரு தாத்தா இறந்துட்டாரு. கால் விரல கட்ட போறேன், குதிகால்ல நைனாவுக்கு இருந்த மாதிரியே வெடிப்பு. கை நின்னுடுச்சி. கூட இருந்த சிஸ்டர் தான் முடிச்சாங்க. அன்னிலருந்து தூக்கம் இல்ல, வார்டு கதவு கிட்ட போனாலே மூச்சு அடைக்குது.

ஒரு வாரம் பாத்துட்டு 14416க்கு போன் பண்ணேன், டெலி மானஸ்னு கவர்மெண்டோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் உண்டு, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சாகணும்னு தோணுதான்னு நேரா கேட்டாங்க. அப்புறம் "உங்க நைனா என்னம்மா வேலை பாத்தாரு, எப்படி பேசுவாரு"ன்னாங்க. மூணு மாசத்துல அவர பத்தி கேட்ட மொத ஆளு அவங்க தான், ஹார்பர்ல மூட்டை தூக்கினாருன்னு சொல்ல ஆரம்பிச்சவ மொட்டைமாடில உக்காந்து அழுதேன், அவங்க போன வைக்கல. சாகணும்னே தோணுறவங்களுக்கு சென்னைல சினேகாவும் இருக்கு, 1986லருந்து இதுக்காகவே இருக்காங்க, 044 24640050.

அவங்க சொல்லி தான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கு போனேன். பைத்தியம்னு எழுதிடுவாங்களோன்னு அம்மாவுக்கு பயம். இது நோய் இல்லம்மா துக்கம், ஆனா ஆறு மாசம் தாண்டியும் அன்னாட பொழப்பே ஓடலன்னா அதுக்குன்னு தனியா ட்ரீட்மெண்ட் இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. நாலஞ்சு தடவ போனேன், மாத்திரை எதுவும் தரல, பேச்சு தான். தங்கச்சி பையன் கிட்ட தாத்தா ஊருக்கு போயிருக்காருன்னு சொல்லி வச்சிருந்தோம், அவன் டெய்லி சாயங்காலம் வாசல்ல நிப்பான். செத்துட்டாருன்னு நேரா சொல்லிடுங்க, குழந்தை அத தாங்கிக்கும்னாரு டாக்டர். சொன்னோம். அழுதான், அப்புறம் வாசல்ல நிக்கறத விட்டுட்டான்.

இப்ப எங்க வார்டுல ஒரு சாவு ஆனா டியூட்டில இருக்கற நாங்க ரெண்டு மூணு பேரு அஞ்சு நிமிஷம் உக்காந்து அவங்கள பத்தி பேசிட்டு தான் அடுத்த பெட்டுக்கு போறோம், யாரும் ஆர்டர் போடல, நாங்களே ஆரம்பிச்சது. பேஷண்ட் கூட வந்த சொந்தக்காரங்க கிட்ட வராண்டால நின்னுகிட்டே சொல்றதில்ல, உக்கார வச்சி "இறந்துட்டாரு"ன்னு தெளிவா சொல்லி, கட்டுறதுக்கு முன்னாடி அவங்கள கைய பிடிச்சிக்க விடறோம். எத்தன பேர் கிட்ட நான் கேஸ் ஷீட்ட பாத்துகிட்டே சொல்லிருக்கேன்னு நெனச்சா மனசு ஆறல.

அடுத்த மாசம் நைனாவுக்கு வருஷ திதி. லீவு லெட்டர்ல காரணத்த அப்படியே எழுதி குடுத்திருக்கேன்.